மூலக்கூறு இயக்கவியல் சிமுலேஷனில் ஒட்டுமொத்த நகர்வும் சுழற்சியும்: முழுமையான வழிகாட்டி

வெளிவிசை எதுவும் இல்லாத ஒரு மூலக்கூறுத் தொகுதியின் மொத்த உந்தம் மாறக் கூடாது. தொடக்கத்தில் பூச்சியமாக இருந்தால் கடைசிவரை பூச்சியமாகவே இருக்க வேண்டும். காகிதத்தில் அப்படித்தான். கணினியில் மூலக்கூறு இயக்கவியல் சிமுலேஷனாக, அதாவது அணுக்களின் அசைவைச் சிறு சிறு காலப் படிகளாகக் கணக்கிட்டு ஓட்டினால், சில நானோசெகண்டுக்குள் புரதமும் நீரும் சேர்ந்து பெட்டியோடு ஒரு பக்கமாக நகரத் தொடங்கலாம். வெற்றிடத்தில் ஓடும் சிறு மூலக்கூறோ பம்பரமாகச் சுழலலாம். வெப்பமானி 300 கெல்வின் காட்டும், உள்ளே அதிர்வுகள் உறைந்து கிடக்கும்.

இதைச் சரிசெய்வதில் மூன்று வேலைகள் கலந்து கிடக்கின்றன. ஓடும்போது திசைவேகத்திலிருந்து எதை நீக்குவது என்பது ஒன்று. வெப்பநிலைக் கணக்கில் எத்தனை சுதந்திர இயக்கக்கூறுகளை (தொகுதி தனித்தனியாக அசையக்கூடிய வழிகளை) கழிப்பது என்பது இன்னொன்று. ஓடி முடிந்தபின் பாதைக்கோப்பை (அணுக்களின் இடங்கள் நேரவாரியாகப் பதிவான கோப்பை) எப்படி ஒழுங்குபடுத்துவது என்பது மூன்றாவது. மூன்றையும் ஒன்றாக நினைப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். "புரதம் பெட்டியை விட்டு வெளியே போகிறது, நிறைமைய நீக்கம் (தொகுதியின் ஒட்டுமொத்த நகர்வை நீக்குவது) வேலை செய்யவில்லை" என்ற புகாரில் பெரும்பகுதி மூன்றாவது வேலையைச் சேர்ந்தது. முதல் வேலையின் அமைப்பை எவ்வளவு மாற்றினாலும் அது தீராது.

முதல் கேள்வி: உங்கள் சமன்பாடுகள் எதைக் காக்கின்றன?

ஓடும்போது நீக்குவதற்கு ஒரே விதிதான். உங்கள் சமன்பாடுகள் காக்க வேண்டிய ஓர் அளவு எண்முறைப் பிழையால் மட்டும் நழுவினால், அதை நீக்கலாம். இயற்பியலே அதை மாற்றுகிறது என்றால் தொடக் கூடாது.

வெற்றிடத்தில், எல்லையில்லாமல், வெளிவிசையில்லாமல் ஓடும் மூலக்கூறுக்கு நேர்கோட்டு உந்தம், கோண உந்தம் இரண்டும் காக்கப்படும். ஆகவே நகர்வின் 3 கூறுகளையும் சுழற்சியின் 3 கூறுகளையும் நீக்கலாம். கார்பன் டைஆக்சைடு போன்ற நேர்கோட்டு மூலக்கூறுக்குச் சுழற்சியில் 2 மட்டுமே.

பீரியாடிக் எல்லை, அதாவது பெட்டியைச் சுற்றிலும் அதன் பிம்பங்களே (நகல்களே) இருப்பதாகக் கொள்ளும் முறை, வந்தவுடன் கணக்கு மாறுகிறது. பெட்டியின் வலது முகத்தில் வெளியேறும் அணு இடது முகத்தில் அதே திசைவேகத்துடன் நுழைகிறது. திசைவேகம் மாறாததால் நேர்கோட்டு உந்தம் அப்படியே இருக்கும். ஆனால் அதன் இருப்பிட வெக்டர் ஒரே தாவலில் பெட்டி நீளம் அளவுக்கு மாறிவிட்டது. கோண உந்தம் இருப்பிடத்தையும் உந்தத்தையும் பெருக்கி வருவது, அதனால் அதுவும் தாவிவிடும். பிம்பங்களின் ஈர்ப்பும் தொகுதியின் மேல் திருப்பு விசை தரும். இப்படி இயல்பாகவே மாறும் கோண உந்தத்தை வலுக்கட்டாயமாகப் பூச்சியமாக்கினால், நீங்களே ஒரு பொய்த் திருப்பு விசையைச் செலுத்துகிறீர்கள். நீர்ப்பெட்டியில் சுழற்சி நீக்கம் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். நகர்வின் 3 கூறுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இடநிலைக் கட்டுப்பாடு (அணுக்களை ஓர் இடத்தோடு கட்டிவைப்பது), உறைந்த அணுக்கள், சுவர், நிலையான புள்ளியைப் பிடித்து இழுத்தல் எல்லாம் வெளிவிசைகள். இவை இருந்தால் நேர்கோட்டு உந்தமும் காக்கப்படாது. லாஞ்செவின், ஆண்டர்சன் போன்ற வாய்ப்புமுறை தெர்மோஸ்டாட்களிலும் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் நிரல்முறைகளிலும்) அப்படியே. ஒவ்வொரு அணுவுக்கும் தனித்தனியாகத் தற்செயல் உதை கிடைப்பதால் மொத்த உந்தம் அங்குமிங்கும் தள்ளாடும்.

உந்தம் எங்கிருந்து கசிகிறது

மிகப் பொதுவான ஊற்று பிஎம்இ (பார்ட்டிக்கிள் மெஷ் ஈவால்ட்) என்ற மின்விசைக் கணக்குமுறை. நீள்தூர மின்விசையை ஒரு கட்டத்தில் பரப்பி, இடைச்செருகலால் திரும்ப அணுக்களுக்குப் பங்கிடுவதால், செயலும் எதிர்ச்செயலும் துல்லியமாகச் சமமாவதில்லை. எல்லா அணு விசைகளையும் கூட்டினால் ஒரு சிறு மிச்சம் நிற்கும். கட்ட இடைவெளி அகலமாக இருந்தால் மிச்சம் பெரிது. ஒற்றைத் துல்லியக் கணக்கில் எண்களை முழுதாக்குவதால் வரும் (ரவுண்டிங்) பிழை இன்னொரு ஊற்று. தொடக்கத் திசைவேகங்களில் தங்கிவிட்ட உந்தம் மூன்றாவது.

இவை தனியாக அவ்வளவு கெடுதல் செய்யாது. திசைவேகங்களைப் பெருக்கிச் சரிசெய்யும் தெர்மோஸ்டாட்டுடன் சேரும்போதுதான் சிக்கல். அதைக் கீழே பார்ப்போம்.

அளவு தெரிய ஒரு கணக்கு. 10,000 நீர் மூலக்கூறுகள் கொண்ட பெட்டியின் பக்கம் சுமார் 6.7 நானோமீட்டர். 300 கெல்வினில் முழுத் தொகுதியின் நிறைமையத்துக்கும் வெப்ப இயக்கப் பங்கு கொடுத்தால், அதன் இயக்க ஆற்றல் சராசரி 3.74 கிலோஜூல்/மோல். மொத்த ஆற்றலில் இது தூசு. ஆனால் வேகம் பிகோசெகண்டுக்கு 0.0064 நானோமீட்டர், அதாவது தடையில்லாமல் போனால் ஒரு நானோசெகண்டில் ஏறத்தாழ ஒரு பெட்டி நீளம். வெப்பநிலையில் கண்ணுக்கே தெரியாத ஒரு பங்கு, பாதைக்கோப்பில் பெரிதாகத் தெரிவது இப்படித்தான்.

தொடக்கத் திசைவேகங்களைச் சுத்தம் செய்தல்

மென்பொருள் இதைத் தானாகச் செய்யும். ஆனாலும் சொந்த நிரல் எழுதுபவர்களுக்கும், வேறொரு நிரலின் திசைவேகங்களை எடுத்துவருபவர்களுக்கும் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். வரிசை முக்கியம்.

1. மேக்ஸ்வெல் பரவலிலிருந்து திசைவேகங்களை எடுங்கள். பிணைப்பு நீளங்கள் கட்டிவைக்கப்பட்டிருந்தால், பிணைப்பு வழியே உள்ள திசைவேகக் கூறுகளை முதலில் அகற்றுங்கள்.

2. நிறையால் எடையிட்ட சராசரியாக நிறைமையத்தின் இடத்தையும் திசைவேகத்தையும் கண்டு, ஒவ்வோர் அணுவிலிருந்தும் இரண்டையும் கழியுங்கள். எடை போடாத சராசரியைக் கழிப்பது அடிக்கடி நடக்கும் தவறு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த தொகுதியில் உந்தம் பூச்சியமாகாது.

3. வெற்றிடத் தொகுதி என்றால் மட்டும் மேலே தொடருங்கள். கழித்த இடத்தையும் கழித்த திசைவேகத்தையும் குறுக்குப் பெருக்கம் செய்து, நிறையால் பெருக்கி, எல்லா அணுக்களுக்கும் கூட்டினால் கோண உந்தம் கிடைக்கும்.

4. நிலைம டென்சரை (3×3 அணி) கட்டுங்கள். மூலைவிட்ட உறுப்புகளில் நிறை பெருக்கல் மற்ற இரு ஆயங்களின் வர்க்கக் கூட்டல். வெளி உறுப்புகளில் நிறை பெருக்கல் இரு ஆயங்களின் பெருக்கம், முன்னால் கழித்தல் குறியுடன். அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் நிரல் ஓடும், விடையும் வரும், சுழற்சி மட்டும் போகாது.

5. டென்சரின் நேர்மாறால் கோண உந்தத்தைப் பெருக்கினால் கோணத் திசைவேகம். அதையும் இடத்தையும் குறுக்குப் பெருக்கம் செய்து அணுவின் திசைவேகத்திலிருந்து கழியுங்கள்.

6. கோண உந்தத்தை மீண்டும் கணக்கிட்டுப் பாருங்கள். எண்முறைத் துல்லியத்தின் அளவுக்குப் பூச்சியம் வர வேண்டும்.

7. கடைசியாக, தேவையான வெப்பநிலைக்குத் திசைவேகங்களை ஒரே எண்ணால் பெருக்குங்கள். பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியமே என்பதால் செய்த வேலை கெடாது. முதலில் பெருக்கிவிட்டு அப்புறம் நீக்கினால், நீக்கிய ஆற்றல் அளவுக்கு வெப்பநிலை குறைந்து தொடங்கும்.

ஐந்தாம் படியில் நேர்கோட்டு மூலக்கூறு கழுத்தறுக்கும். அச்சைச் சுற்றிய நிலைமம் பூச்சியம் என்பதால் டென்சருக்கு நேர்மாறே கிடையாது. ஐகன் மதிப்புகளாகப் பிரித்து, மிகச் சிறிய மதிப்பை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டால் மட்டும் வகுங்கள். சற்றே வளைந்த, கிட்டத்தட்ட நேர்கோடான மூலக்கூறுகளிலும் இதே முறைதான் பாதுகாப்பு. இல்லையென்றால் எப்போதாவது ஒரு படியில் கோணத் திசைவேகம் வெடித்து எல்லாம் சிதறும்.

நகர்வையும் சுழற்சியையும் கழிப்பது கெட்டிப்பொருள் இயக்கத்தைக் கழிப்பதுதான். அதனால் பிணைப்புக் கட்டுகள் குலையாது, பிணைப்பு நீளங்களைக் கட்டிவைக்கும் ஷேக் அல்லது லிங்க்ஸ் முறையை மறுபடியும் ஓட்டத் தேவையில்லை. மூலக்கூறு பெட்டி முகத்தில் இரண்டாக உடைந்து கிடந்தால் மட்டும் மேற்கண்ட எல்லாமே தவறாகப் போகும். முதலில் அதை முழுமையாக்குங்கள்.

மென்பொருள் அமைப்புகள்

குரோமாக்ஸில் 'காம்-மோட்' என்ற வரி இதைத் தீர்மானிக்கிறது. இயல்பு (எதுவும் குறிப்பிடாவிட்டால் எடுத்துக்கொள்வது) 'லீனியர்': நகர்வு மட்டும் நீங்கும். 'ஆங்குலர்' இரண்டையும் நீக்கும்; வெற்றிட ஓட்டத்துக்கு மட்டும். நீக்கப்படும் குழு பெட்டி எல்லையைத் தாண்டினால் ஆங்குலர் தவறான விடை தரும். 'லீனியர்-ஆக்சிலரேஷன்-கரெக்ஷன்' என்பது நிலையான புள்ளியிலிருந்து இழுப்பது போல, நிறைமையம் ஏறக்குறைய மாறா முடுக்கம் பெறும் ஓட்டங்களுக்கானது. 'நன்' என்றால் எதையும் தொடாது. எத்தனை படிக்கு ஒருமுறை என்பது 'என்எஸ்டி-காம்', இயல்பு 100. அதை 1 ஆக்குவதால் பலன் எதுவும் இல்லை, இணைச் செயலிகளுக்கு இடையே தகவல் பரிமாற்றம்தான் கூடும். ஒவ்வொரு படியிலும் நீக்கினால்தான் தொகுதி நிலைக்கிறது என்றால் வேறெங்கோ ஓட்டை இருக்கிறது.

ஆம்பரில் 'என்எஸ்சிஎம்', இயல்பு 1000 படி. பீரியாடிக் பெட்டியில் நகர்வை மட்டும் நீக்கும். பெட்டியில்லா ஓட்டத்தில் சுழற்சியையும் சேர்த்து நீக்கும். லாஞ்செவின் தெர்மோஸ்டாட்டுடன் ஓட்டினால் திசைவேகங்களைத் தொடாமல் நிறைமையத்தின் இடத்தை மட்டும் மையத்துக்குத் திருப்பும். அது சரியான நடத்தைதான், நீக்கம் வேலை செய்யவில்லை என்று எண்ண வேண்டாம்.

நாம்டியில் 'ஜீரோமொமெண்டம்' பிஎம்இ கசிவைத் திருத்துவதற்காகவே உள்ளது, இயல்பில் அணைந்திருக்கும். உந்தம் காக்கப்படும் ஓட்டத்தில் மட்டும் இயக்குங்கள். 'காம்மோஷன்' என்பது தொடக்கத் திசைவேகத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

லாம்ப்ஸில் 'ஃபிக்ஸ் மொமெண்டம்' கட்டளைக்கு 'லீனியர்' மூன்று அச்சுக்கும் தனித்தனியாகக் கொடுக்கலாம், 'ஆங்குலர்' வேண்டுமென்றால் சேர்க்கலாம். 'ரீஸ்கேல்' சேர்த்தால் நீக்கிய இயக்க ஆற்றலை மற்ற இயக்கங்களுக்குத் திருப்பித் தரும். தெர்மோஸ்டாட் இல்லாத ஓட்டத்தில் ஆற்றல் கோடு படிப்படியாக இறங்குவதைத் தவிர்க்க இது உதவும். 'ஃபிக்ஸ் ரீசென்டர்' வேறு: இடத்தை மட்டும் நகர்த்தும், திசைவேகத்தைத் தொடாது. திசைவேகம் உருவாக்கும் கட்டளையில் நகர்வு நீக்கம் இயல்பாகவே உண்டு, சுழற்சி நீக்கம் கேட்டால்தான். லாஞ்செவினுடன் 'ஜீரோ யெஸ்' கொடுத்தால் தற்செயல் விசைகளின் கூட்டுத்தொகை பூச்சியமாக்கப்படும்.

ஓபன்எம்எம் தொகுதியைக் கட்டும்போதே நிறைமைய நீக்கியைச் சேர்த்துவிடும், நகர்வுக்கு மட்டும். இடநிலைக் கட்டுப்பாட்டுடன் ஓட்டுபவர்கள் அதை வேண்டாமென்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

சுதந்திர இயக்கக்கூறுகளை எண்ணுதல்

வெப்பநிலை என்பது இயக்க ஆற்றலின் இருமடங்கைச் சுதந்திர இயக்கக்கூறு எண்ணிக்கையாலும் போல்ட்ஸ்மன் மாறிலியாலும் வகுத்தது. அணுக்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி, கட்டுப்பட்ட பிணைப்புகளைக் கழித்து, பிறகு நீக்கியவற்றைக் கழிக்க வேண்டும்: பெட்டியில் 3, வெற்றிடத்தில் 6, நேர்கோட்டு மூலக்கூறுக்கு 5, எதையும் நீக்காத லாஞ்செவின் ஓட்டத்தில் 0.

10,000 கெட்டியான (வடிவம் மாறாத) நீர் மூலக்கூறில் 60,000 கூறுகள் உண்டு. அங்கே 3 போனாலும் வந்தாலும் யாருக்கும் தெரியாது. 10 அணு மூலக்கூறை வெற்றிடத்தில் ஓட்டிப் பாருங்கள். 30 கூறுகளில் 6 நீங்கியபின் 24. நிரல் 30 என்று வகுத்தால், உண்மையில் 300 கெல்வினில் இருக்கும் மூலக்கூறு 240 என்று காட்டும். தெர்மோஸ்டாட் அந்தக் காட்டும் எண்ணை 300க்கு ஏற்றப் பாடுபட்டு, உள்ளே 375 கெல்வின் ஆக்கிவிடும். சுழற்சியையும் நீக்கிவிட்டு 3 மட்டும் கழித்தால் வகுப்பது 27, உண்மை வெப்பநிலை 337.5. சமநிலைக்கு வந்த கட்டமைப்புகளின் விகிதமே மாறிப்போகும் அளவுக்கான பிழை இது.

லாம்ப்ஸ் முப்பரிமாணத்தில் இயல்பாக 3 கழிக்கிறது, நீங்கள் நீக்கினாலும் நீக்காவிட்டாலும். வெற்றிடத்தில் சுழற்சியை நீக்கினால் 6 என்றும், சாதாரண லாஞ்செவினுக்கு 0 என்றும் கைப்பட மாற்றுங்கள். குரோமாக்ஸில் பல வெப்பநிலைக் குழுக்கள் இருந்தால் அந்த 3ஐ குழுக்களுக்கு இடையே பங்கிடும். பதிவுக் கோப்பில் கூறு எண்ணிக்கை பின்னமாக வந்தால் பதற வேண்டாம்.

பறக்கும் பனிக்கட்டி

பெரெண்ட்சன் தெர்மோஸ்டாட் எல்லாத் திசைவேகங்களையும் ஒரே எண்ணால் பெருக்கி, இயக்க ஆற்றலின் ஏற்ற இறக்கத்தைச் சரியான பரவலைவிடக் குறுக்கிவிடுகிறது. அதன் விளைவாக ஆற்றல் உயர் அதிர்வெண் அதிர்வுகளிலிருந்து மெல்ல மெல்ல வடிந்து, அதிர்வெண்ணே இல்லாத இயக்கங்களான ஒட்டுமொத்த நகர்விலும் சுழற்சியிலும் சேர்கிறது. ஆற்றல் சமபங்கீட்டு விதி உடைகிறது. 1998இல் ஹார்வி, டான், சீத்தம் ஆகியோர் இதை விவரித்து 'பறக்கும் பனிக்கட்டி' என்று பெயரிட்டார்கள். உள்ளே உறைந்து, வெளியே பறக்கும் கட்டி. பொருத்தமான பெயர்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. திசைவேகங்களைச் சேமித்த பிரேம்களில் (ஒவ்வொரு கணத்தின் பதிவிலும்) நிறைமையத்தின் இயக்க ஆற்றலைத் தனியாகக் கணக்கிடுங்கள். 300 கெல்வினில் அது 3.74 கிலோஜூல்/மோலைச் சுற்றி ஆடினால் வெறும் வெப்ப இயக்கம். பல பத்து கிலோஜூலுக்கு ஏறி, ஏறிக்கொண்டே போனால் பனிக்கட்டி பறக்கிறது. நீக்கம் இயங்கும் ஓட்டத்தில் அது பூச்சியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். வெற்றிட ஓட்டத்தில் சுழற்சி ஆற்றலுக்கும் இதே சோதனை.

நகர்வை அவ்வப்போது நீக்குவது இதை மறைக்கும், முழுமையாகக் குணப்படுத்தாது. தெர்மோஸ்டாட்டையே மாற்றுவதுதான் மருந்து. 2007இல் புஸ்ஸி, டொனாடியோ, பரினெல்லோ கொண்டுவந்த வாய்ப்புமுறைத் திசைவேகப் பெருக்கம் சரியான ஆற்றல் பரவலைத் தருவதால் இந்தக் கசிவை உண்டாக்குவதில்லை. குரோமாக்ஸில் 'வி-ரீஸ்கேல்' என்பது அதுதான். பெரெண்ட்சனை முதல் சூடேற்றலோடு விட்டுவிடுங்கள். தரவு சேகரிக்கும் ஓட்டத்தில் அதற்கு இடமில்லை.

எந்தக் குழுவை நீக்குவது, எப்போது கூடாது

கேட்காமலே தரக்கூடிய பரிந்துரை: முழுத் தொகுதியையும் ஒரே குழுவாக வையுங்கள். புரதம் ஒரு குழு, நீர் ஒரு குழு என்று பிரித்து நீக்கினால் புரதம் நீருக்குள் விரவுவதையே (தற்செயல் அசைவால் பரவுவதையே) நிறுத்துகிறீர்கள். பார்க்க அழகாக நடுவில் நிற்கும். ஆனால் நீர் கொடுத்த ஒவ்வொரு தள்ளலும் அழிக்கப்படுகிறது. சில அணுக்களை எந்தக் குழுவிலும் சேர்க்காமல் விடுவது இன்னும் மோசம்.

லிப்பிட் ஈரடுக்கு மட்டும் விவாதத்துக்குரியது. இரு அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். நீர்ப்படலமும் ஈரடுக்கும் எதிரெதிராகச் சறுக்கும். இதைத் தடுக்க ஈரடுக்கையும் அதில் பதிந்த புரதத்தையும் ஒரு குழுவாகவும், நீரையும் அயனியையும் இன்னொன்றாகவும் வைப்பது வழக்கம். செய்வதானால் புரதத்தை ஈரடுக்கோடுதான் சேர்க்க வேண்டும். நீரிலிருந்து ஒன்று வந்து படலத்தில் ஒட்டும் ஓட்டத்தில் இந்தப் பிரிப்பு கூடவே கூடாது. பக்கவாட்டு விரவல் மட்டும் வேண்டுமென்றால், ஓட்டத்தில் பிரிக்காமல் பகுப்பாய்வில் ஒவ்வோர் அடுக்கின் நகர்வையும் கழிப்பதே சுத்தமான வழி.

இடநிலைக் கட்டுப்பாட்டுடன் சமநிலைப்படுத்தும்போது நிறைமைய நீக்கம் இருந்தால் குரோமாக்ஸ் எச்சரிக்கும். சில நூறு பிகோசெகண்ட் சமநிலைப்படுத்தலில் அதன் பாதிப்பு பொதுவாகச் சொற்பம். தரவு சேகரிக்கும் ஓட்டத்தில் கட்டுப்பாடு தொடர்ந்தால் நீக்கத்தை அணையுங்கள். கட்டுப்பாட்டு விசையே தொகுதியைப் பிடித்து நிறுத்தும். மின்புலத்தில் நிகர மின்சுமை கொண்ட பெட்டியை ஓட்டுபவர்கள் கவனிக்க: தொகுதி முழுதும் முடுக்கப்படும், நீக்கமோ ஒவ்வொரு முறையும் அதற்கு எதிராகத் தள்ளும். நடுநிலைப் பெட்டியில் மொத்த விசை பூச்சியம் என்பதால் இந்தச் சிக்கல் எழாது.

நீளமான மூலக்கூறு திரும்பிப் படுத்தால்

சுழற்சியை நீக்க முடியாத பெட்டியில் நீளமான புரதத்தை என்ன செய்வது? 8 நானோமீட்டர் நீளம், 3 நானோமீட்டர் அகலம், சுற்றிலும் 1 நானோமீட்டர் நீர் என்றால் 10×5×5 பெட்டி போதும் என்று தோன்றும்: 250 கன நானோமீட்டர். சிறு புரதங்களே சில நானோசெகண்டில் புரண்டுவிடுகின்றன. இது சற்று மெதுவாகப் புரளும், ஆனால் புரளும். 90 பாகை திரும்பினால் 8 நானோமீட்டர் பொருள் 5 நானோமீட்டர் இடத்தில். தன் பிம்பத்தையே முட்டும்.

நேர்மையான வழி, மிக நீண்ட அளவை வைத்துப் பெட்டியைத் தேர்வது. கனசதுரம் 1000 கன நானோமீட்டர். அதே பிம்ப இடைவெளியில் சாய்சதுரப் பன்னிருமுகி சுமார் 707. நீர் எண்ணிக்கை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும், நேரமும் அப்படியே. முடியாதென்றால் செவ்வகப் பெட்டியை வைத்துக்கொண்டு, குவாட்டர்னியன் (சுழற்சியை நான்கு எண்களால் குறிக்கும் முறை) அடிப்படையிலான திசையமைவுக் கட்டுப்பாட்டைக் கோல்வார்ஸ் என்ற துணை நிரல் மூலம் புரதத்தின் கெட்டியான மையத்தின் மேல் போடுங்கள். அது உள் இயக்கங்களைத் தொடாமல் புரளலை மட்டும் தடுக்கும். இரண்டு மூன்று அணுக்களை இடத்தில் பிடித்துவைப்பது மலிவான வழி, ஆனால் அந்த அணுக்களின் சுற்றுப்புற அசைவுகள் கெடும். எதைச் செய்தாலும் புரதத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் உள்ள குறைந்தபட்ச இடைவெளியை ஓட்டம் முழுவதும் வரைபடமாக்குங்கள். அது வெட்டுத் தூரத்துக்கு (குறுந்தூர விசைக் கணக்கு நிறுத்தப்படும் தூரத்துக்கு) கீழே இறங்கிய பகுதியை நம்ப வேண்டாம்.

ஓடி முடிந்தபின்: பாதைக்கோப்பை ஒழுங்குபடுத்தும் வரிசை

கோண உந்தம் எப்போதும் பூச்சியமாக இருந்தாலும் மூலக்கூறின் திசை மாறலாம். தலைகீழாக விடப்பட்ட பூனை காலூன்றி விழுவது கோண உந்தம் இல்லாமல்தான். வளையக்கூடிய உடல் வடிவத்தை மாற்றி மாற்றித் திரும்பிக்கொள்கிறது. புரதமும் அப்படியே. ஆகவே ஓட்டத்தில் எதை நீக்கியிருந்தாலும் பகுப்பாய்வில் பொருத்துதல், அதாவது ஒவ்வொரு பிரேமையும் நகர்த்திச் சுழற்றி ஓர் ஆதார அமைப்பின் மேல் ஒன்றவைப்பது, தேவை.

வரிசை இது. முதலில் உடைந்த மூலக்கூறுகளை முழுமையாக்குங்கள். பல சங்கிலிகள் கொண்ட கூட்டுப்புரதம் என்றால் அவற்றை ஒன்றுசேருங்கள், அல்லது சங்கிலிகள் சேர்ந்திருக்கும் ஒரு தொடக்க பிரேமை ஆதாரமாகக் கொடுத்துத் தாவல்களை நீக்குங்கள். பிறகு புரதத்தை மையப்படுத்துங்கள். அதன்பின் நீரை மூலக்கூறு மூலக்கூறாகப் பெட்டிக்குள் மடியுங்கள், அதாவது வெளியே போனவற்றை எதிர்முகம் வழியே உள்ளே கொண்டுவாருங்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் சுழற்றிப் பொருத்துதல்.

பொருத்தியபின் பெட்டி வெக்டர்களுக்கும் அணுக்களுக்கும் தொடர்பு அறுந்துவிடும். அணுக்கள் திரும்பிவிட்டன, பெட்டி திரும்பவில்லை. அதற்கு மேல் மடித்தல், முழுமையாக்கல் எதைச் செய்தாலும் நீர் தாறுமாறாகச் சிதறும். குரோமாக்ஸின் பாதை மாற்றும் கருவி இரண்டையும் ஒரே கட்டளையில் செய்ய மறுப்பது இதனால்தான். இரு முறை ஓட்டுங்கள். மடிக்காத மூலக்கோப்பை அழிக்காதீர்கள்.

பொருத்துவதற்குக் காப்ஷ் 1976இல் தந்த முறை பரவலானது: இரு அமைப்புகளையும் மையத்துக்குக் கொண்டுவந்து, 3×3 தொடர்பு அணியைக் கட்டி, அதைப் பிரித்துச் சுழற்சி அணியை எடுப்பது. கிடைத்த அணியின் அணிக்கோவை −1 ஆக இருந்தால் அது சுழற்சி அல்ல, கண்ணாடிப் பிம்பம். மிகச் சிறிய திசையின் குறியை மாற்ற வேண்டும். சொந்த நிரலில் இந்தச் சோதனையை விட்டவர்களுக்கு இடக்கை அமினோ அமிலம் வலக்கையாக மாறி, விலகல் அளவு (இரு அமைப்புகளுக்கும் இடையிலான சராசரி வித்தியாசம்) நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக வரும். குவாட்டர்னியன் முறையில் இந்தத் தொல்லையே இல்லை.

எந்த அணுக்களைக் கொண்டு பொருத்துவது என்பதில்தான் அனுபவம் பேசும். ஆடிக்கொண்டிருக்கும் வால்பகுதியையும் சேர்த்துப் பொருத்தினால், வாலின் ஆட்டம் மையத்துக்கும் பங்கிடப்பட்டு, கெட்டியான மையம் நடுங்குவதாகவும் வால் அமைதியாக இருப்பதாகவும் தெரியும். ஓட்டத்தில் அசையாத சுருள்கள், தகடுகளின் முதுகெலும்பு அணுக்களை மட்டும் பொருத்தத்துக்கு எடுத்து, விலகலை வேண்டிய பகுதிக்குத் தனியாக அளவிடுங்கள். முதல் பிரேமுக்குப் பதில் சராசரி அமைப்புக்குப் பொருத்துவதானால், பொருத்து, சராசரி எடு, மறுபடி பொருத்து என்று இரண்டு மூன்று சுற்று போதும்.

முதன்மைக் கூறு பகுப்பாய்வில் (பெரிய கூட்டு அசைவுகளைப் பிரித்தெடுக்கும் முறையில்) ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. பொருத்திய அதே அணுக்கள், அதே எடை, ஒரே ஆதார அமைப்பு என்று வைத்துக் கட்டிய அணியில் கடைசி 6 ஐகன் மதிப்புகள் பூச்சியமாக வர வேண்டும். உகந்த பொருத்தம் நிறைவேற்றும் நிபந்தனை, எக்கார்ட் 1935இல் அதிர்வையும் சுழற்சியையும் பிரிக்கத் தந்த நிபந்தனையேதான். ஆறு பூச்சியம் வராவிட்டால், பொருத்திய குழுவும் பகுத்த குழுவும் வேறு, அல்லது எடை வேறு.

பொருத்தவே கூடாதவை

சுழற்சித் தொடர்புச் சார்பு, புரதம் புரளும் நேரம், இருமுனைத் திருப்புதிறன் ஏற்ற இறக்கம், ஈரடுக்கில் புரதத்தின் சாய்வுக் கோணம், செங்குத்து அடர்த்திப் படம் ஆகியவற்றுக்குச் சுழற்றிப் பொருத்திய கோப்பைக் கொடுத்தால் அளக்க வந்ததையே அழித்துவிட்டீர்கள். ஈரடுக்குக்குத் தேவைப்பட்டால் தளத்துக்குள் மட்டும் நகர்த்தி, தளத்துக்குள் மட்டும் சுழற்றுங்கள்.

விரவல் குணகத்துக்கு மடிக்காத, பொருத்தாத பாதை வேண்டும். முழுத் தொகுதியின் நிறைமைய நகர்வை மட்டும் ஒவ்வொரு பிரேமிலும் கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் நகர்வின் வேகமும் நேரமும் பெருக்கிய வர்க்கம், சராசரி இடப்பெயர்ச்சி வர்க்கத்தோடு கூடும். பிகோசெகண்டுக்கு வெறும் 0.0001 நானோமீட்டர் நழுவல் இருந்தால் 100 நானோசெகண்டில் அது 100 சதுர நானோமீட்டர். பிகோசெகண்டுக்கு 0.0001 சதுர நானோமீட்டர் விரவல் குணகம் கொண்ட புரதத்தின் உண்மையான பங்கோ 60தான். நேர்கோடாக இருக்க வேண்டிய வரைபடம் மேல்நோக்கி வளைந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

லாஞ்செவினிலும் இதே கணக்கு உண்டு, வடிவம் வேறு. 10,000 நீர் கொண்ட பெட்டியை 300 கெல்வினில், உராய்வு மாறிலி பிகோசெகண்டுக்கு 1 என்று வைத்து ஓட்டினால், நிறைமையமே ஒரு பிரவுனியன் துகளாக 100 நானோசெகண்டில் சுமார் 2.9 நானோமீட்டர் அலையும். இது வளைவாகத் தெரியாது, நேர்கோட்டின் சாய்வைச் சற்றே கூட்டும். அதனால் கண்டுபிடிப்பது கடினம். மேலே சொன்ன புரதத்துக்கு இது 14 சதவீதம் வரை பிழை தரும். தவிர, உராய்வே விரவலை மெதுவாக்குவதால், விரவல் அளக்க லாஞ்செவின் ஓட்டத்தைத் தேர்வதே தவறு.

மாறா அழுத்தத்தில் ஓடிய நீண்ட பாதையில் தாவல் நீக்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பெட்டி ஒவ்வொரு படியிலும் சற்றே சுருங்கி விரிவதால், பெட்டி நீளத்தைக் கூட்டிக் கழித்து மடிப்பை விரிக்கும் வழக்கமான முறை, பலமுறை எல்லை தாண்டிய அணுக்களுக்குப் பொய்யான இடப்பெயர்ச்சியைச் சேர்க்கும். ஒவ்வொரு பிரேமுக்கும் இடையே குறைந்தபட்ச பிம்ப நகர்வைக் கணக்கிட்டு அதைக் கூட்டிக்கொண்டே போவது பாதுகாப்பான முறை. அதற்குப் பிரேம்கள் போதிய நெருக்கமாகச் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும், எந்த அணுவும் இரு பிரேம்களுக்கு இடையே அரைப் பெட்டிக்கு மேல் போகாதபடி. இல்லையென்றால் மாறா அழுத்தத்தில் சமநிலைப்படுத்தி, சராசரிக் கன அளவில் பெட்டியை நிறுத்தி, விரவலை மாறாக் கன அளவில் அளந்துகொள்ளுங்கள்.